விசிறி இல்லாமல் காற்று வீசுமா?



திருவனந்தபுரத்தில் ஆரியசாலை என்று ஓர் இடம் இருக்கிறது. அது சாலைக் கடைத்தெருவை ஒட்டிய பகுதி. நவராத்திரியின்போது வேளிமலை முருகன் வந்து தங்குவது இங்கேதான். தமிழ் பேசும் குடும்பங்கள் பல தலைமுறையாக இங்கே வாழ்கின்றன. மிளகாய் வற்றல், மல்லி, மஞ்சள், பருப்பு எல்லாம் மூட்டை மூட்டையாக இங்கே வந்து இறங்கும்.

எங்கள் வகுப்புக்கு வரும் ஓர் அக்கா மிளகாய்க் கிட்டங்கியில் வேலை செய்கிறார். வற்றலுக்குக் காம்பு கிள்ளுவது அவர் வேலை. நாள் முழுவதும் காரமும் தூசும்தான். இரவில் படுத்தால் இருமல். சில நாள் இளைப்பும் வரும்.

ஒரு நாள் அக்கா வகுப்புக்கு ஒரு துண்டுக் காகிதம் கொண்டு வந்தார். வீடு வீடாகப் பொருள் விற்கும் ஒருவர் கொடுத்தது. அதில் ஒரு சிறிய கருவியின் படம் இருந்தது. அந்த ஆள் சொன்னாராம்:

"இதில் விசிறி கிடையாது. சத்தம் கிடையாது. மின்சாரமே காற்றைத் தள்ளும். தூசை இழுத்துக்கொள்ளும். கரண்டுச் செலவு ரொம்பக் குறைவு. இளைப்பு தீர்ந்துவிடும். விலை 6,500 ரூபாய்தான். தவணையிலும் தரலாம்."

அக்கா கேட்டார்: "தம்பி, இது நெசமா? விசிறி இல்லாம காத்து வருமா? சீட்டுப் பணத்தை எடுத்து வாங்கலாமா?"

மூட்டை தூக்கும் அண்ணாச்சி ஒருவர் பக்கத்தில் இருந்தார். அவர் சிரித்தார். "இறக்கை சுத்தாம காத்து எங்கேருந்து வரும்? எல்லாம் ஏமாத்து வேலை" என்றார்.

யார் சொல்வது சரி? அன்று எனக்கும் பதில் தெரியவில்லை. படித்துப் பார்த்தேன். பள்ளியில் எனக்கு இயற்பியல் சொல்லித்தந்த ஆசிரியரிடமும் கேட்டேன். தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

காற்று என்றால் என்ன?

காற்றை நாம் பார்க்க முடியாது. ஆனால் அது ஒரு பொருள். கண்ணுக்குத் தெரியாத மிகச் சிறிய துகள்களால் ஆனது. இந்தத் துகள்களை மூலக்கூறுகள் என்பார்கள். 100 பங்கு காற்றில் 78 பங்கு நைட்ரஜன். 21 பங்கு ஆக்சிஜன். மீதி ஒரு பங்கில் மற்ற வாயுக்கள்.

இந்தத் துகள்கள் ஒரே பக்கமாக நகர்ந்தால் நாம் "காற்று வீசுகிறது" என்கிறோம். பனை ஓலை விசிறி அவற்றைத் தள்ளுகிறது. மின்விசிறியின் இறக்கையும் அதையேதான் செய்கிறது. துகள்களைத் தள்ள வேண்டும். அவ்வளவுதான். இறக்கையால்தான் தள்ள வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

மின்சாரம் தொடாமல் இழுக்கும்

ஒரு சிறிய சோதனை செய்வோம். தலையில் எண்ணெய் இல்லாத நாளாக இருக்கட்டும். மழை, ஈரம் இல்லாத நாளாக இருந்தால் நல்லது. பிளாஸ்டிக் சீப்பால் முடியைப் பலமுறை வாருங்கள். பிறகு அந்தச் சீப்பைச் சிறு காகிதத் துண்டுகளின் அருகே கொண்டு போங்கள்.

காகிதம் துள்ளி வந்து சீப்பில் ஒட்டும். சீப்பு காகிதத்தைத் தொடவே இல்லை. ஆனாலும் இழுத்தது. எப்படி? தேய்த்ததால் சீப்பில் மின்னூட்டம் சேர்ந்தது. மின்னூட்டம் உள்ள பொருளைச் சுற்றி ஒரு விசை பரவி நிற்கும். இந்த விசை பரவியிருக்கும் இடத்தை மின்புலம் என்று சொல்வார்கள்.

மின்னூட்டத்தில் நேர், எதிர் என்று இரண்டு வகை உண்டு. ஒரே வகையான இரண்டும் ஒன்றை ஒன்று விலக்கும். வேறு வேறு வகையானவை ஒன்றை ஒன்று இழுக்கும்.

ஊசி முனையில் என்ன நடக்கிறது?

காற்றில் உள்ள துகள்களுக்குப் பொதுவாக மின்னூட்டம் கிடையாது. ஆகவே மின்புலம் அவற்றை நகர்த்தாது. முதலில் அவற்றில் சிலவற்றுக்கு மின்னூட்டம் ஏற்ற வேண்டும்.

அதற்கு ஒரு கூரான ஊசி அல்லது மெல்லிய கம்பி போதும். அதில் பல ஆயிரம் வோல்ட் மின்னழுத்தம் கொடுக்க வேண்டும். நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட். இது அதைப்போலப் பல மடங்கு. கூர்மையான முனையில் மின்புலம் மிகவும் வலுவாக இருக்கும். அங்கே உள்ள காற்றுத் துகள்கள் சில மின்னூட்டம் பெறும். மின்னூட்டம் பெற்ற துகளுக்கு அயனி என்று பெயர்.

ஊசிக்கு எதிரே ஓர் உலோகத் தகடு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அயனியை ஊசி விரட்டும். தகடு இழுக்கும். அயனி தகட்டை நோக்கி ஓடும்.

திருவிழாக் கூட்டத்தில் நான்கு பேர் அவசரமாக முண்டியடித்துப் போனால் என்ன ஆகும்? பக்கத்தில் நிற்பவர்களும் இடிபட்டு முன்னே நகர்வார்கள். அதுபோலத்தான் இதுவும். அயனிகள் ஓடும்போது மற்றக் காற்றுத் துகள்களை இடிக்கின்றன. கூடவே தள்ளிக்கொண்டு போகின்றன. தகட்டை நோக்கிக் காற்று வீசுகிறது. இதை அயனிக் காற்று என்று சொல்லலாம்.

ஆகவே அண்ணாச்சி சொன்னது சரியல்ல. இறக்கை இல்லாமலும் காற்று வரும்.

இது புதிய செய்தியும் அல்ல. இங்கிலாந்தில் ஃபிரான்சிஸ் ஹாக்ஸ்பி என்ற அறிஞர் இருந்தார். அவர் ஒரு கண்ணாடிக் குழாயை நன்றாகத் தேய்த்து முகத்தின் அருகே கொண்டு போனார். முகத்தில் மெல்லிய காற்று படுவதுபோல உணர்ந்தார். 1709-ஆம் ஆண்டிலேயே அதை எழுதி வைத்தார். 300 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது.

அனல் மின் நிலையத்தில் இதன் பயன்

அப்படியானால் இது எங்கே பயன்படுகிறது? தூத்துக்குடிக்குப் போவோம். அங்கே ஓர் அனல் மின் நிலையம் இருக்கிறது. அதன் முதல் அலகு 1979-இல் ஓடத் தொடங்கியது. நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள்.

நம் நாட்டு நிலக்கரியில் சாம்பல் அதிகம். 100 கிலோ கரியை எரித்தால் 30 முதல் 40 கிலோ வரை சாம்பல் வரும். அதில் பெரும்பகுதி மாவுபோல நுண்ணியது. புகையோடு பறக்கும். அப்படியே வெளியே விட்டால் என்ன ஆகும்? சுற்றியுள்ள வீடுகளிலும் வயல்களிலும் படியும். கொடியில் காயும் துணியில் படியும். மனிதர்களின் நுரையீரலுக்குள்ளும் போகும்.

அதைத் தடுக்க ஒரு பெரிய கருவி வைக்கிறார்கள். அதன் பெயர் மின்வீழ்படிவான். பல மாடி வீடுபோல உயரமாக இருக்கும். உள்ளே தகடுகள் வரிசையாகத் தொங்கும். தகடுகளுக்கு நடுவே கம்பிகள் தொங்கும். கம்பிகளில் பல பத்தாயிரம் வோல்ட் மின்னழுத்தம் கொடுப்பார்கள்.

புகை இந்த வழியாகப் போகும். கம்பி அருகே அயனிகள் உண்டாகும். அவை சாம்பல் துகள்களில் ஒட்டிக்கொள்ளும். இப்போது சாம்பலுக்கும் மின்னூட்டம் வந்துவிட்டது. தகடு அதை இழுத்துக்கொள்ளும். அவ்வப்போது சுத்தியல்கள் தகட்டைத் தட்டும். சாம்பல் கீழே கொட்டும். அந்தச் சாம்பல் சிமெண்டுக்கும் செங்கலுக்கும் போகிறது.

நன்றாகப் பராமரித்தால் 100 பங்கு சாம்பலில் 99 பங்குக்கு மேல் இதில் பிடித்துவிடலாம். பராமரிக்காமல் விட்டால் ஊருக்குத்தான் கேடு.

அமெரிக்காவைச் சேர்ந்த ஃபிரெடரிக் காட்ரெல் இந்த முறைக்கு 1907-இல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். 1908-இல் காப்புரிமை கிடைத்தது. இன்று இந்தக் கருவியை நம் தமிழ்நாட்டிலேயே செய்கிறார்கள். ராணிப்பேட்டையில் உள்ள பெல் தொழிற்சாலை இதற்குப் பேர்போனது.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். இந்தக் கருவிக்குள்ளும் அயனிக் காற்று வீசும். ஆனால் அவ்வளவு புகையையும் இழுத்துப் புகைபோக்கிக்கு அனுப்புவது அது அல்ல. அதற்குப் பெரிய பெரிய விசிறிகள்தான் இருக்கின்றன. மின்புலத்தின் வேலை சாம்பலைப் பிடிப்பது. விசிறியின் வேலை புகையை நகர்த்துவது. வேலையைப் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

சின்ன இடத்தில் பெரிய உதவி

சூடான தேநீரை நாம் ஊதிக் குடிக்கிறோம். ஏன்? தேநீரின் மேல் சூடான காற்று ஒரு போர்வைபோல நிற்கிறது. ஊதினால் அந்தப் போர்வை விலகும். தேநீர் சீக்கிரம் ஆறும்.

கணினிக்குள் சில்லு என்று ஒரு சிறிய பாகம் இருக்கிறது. வேலை செய்யும்போது அது சூடாகும். அதை ஆற்ற ஒரு சின்ன விசிறி வைப்பார்கள். ஆனால் விசிறி எவ்வளவு சுற்றினாலும் சில்லின் மேல் ஒட்டி நிற்கும் மெல்லிய காற்றுப் போர்வை முழுவதும் விலகாது.

இதற்கு அமெரிக்காவில் பர்டியூ பல்கலைக்கழகத்தில் ஒரு வழி கண்டார்கள். அந்தக் குழுவில் முக்கியமானவர் சுரேஷ் கரிமெல்லா. இவர் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர். 2007-இல் அவர்கள் சில்லு போன்ற ஒரு சூடான பரப்பின் மேல் அயனிக் காற்றை வீசச் செய்தார்கள். விசிறி மட்டும் ஓடியபோது வெப்பம் சுமார் 60 டிகிரி. அயனிக் காற்றும் சேர்ந்தபோது சுமார் 35 டிகிரி. ஒட்டி நின்ற காற்றுப் போர்வையை அயனிகள் கலைத்துவிட்டன.

இங்கேயும் விசிறியை எடுத்துவிடவில்லை. விசிறிக்குத் துணையாக அயனிக் காற்று வந்தது.

இறக்கை சுற்றாத விமானம்

2018-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் ஒரு சிறிய விமானம் பறக்கவிட்டார்கள். அதில் ஆள் கிடையாது. சுற்றும் பாகம் எதுவும் கிடையாது. அயனிக் காற்றே அதைத் தள்ளியது. எடை இரண்டரைக் கிலோ அளவுதான். 40,000 வோல்ட் மின்னழுத்தம் கொடுத்தார்கள். ஓர் உள்ளரங்கத்தில் சுமார் 60 மீட்டர் தூரம் பறந்தது.

இது பெரிய சாதனைதான். ஆனால் செலவான ஆற்றலில் 100-க்கு 3 பங்குகூட விமானத்தைத் தள்ளப் பயன்படவில்லை. மற்றதெல்லாம் வீணாயிற்று.

ஏன் அப்படி? திருவிழாக் கூட்டத்தை மறுபடியும் நினைத்துப் பாருங்கள். முண்டிப் போகிற நான்கு பேர் களைத்துப் போவார்கள். கூட்டம் கொஞ்சம்தான் நகரும். காற்றிலும் அயனிகள் மிகக் கொஞ்சம். மற்றத் துகள்கள் ஏராளம். இடிப்பதிலேயே பெரும்பகுதி ஆற்றல் வெப்பமாகப் போய்விடுகிறது.

வீட்டு விசிறிக்கு மாற்று ஆகுமா?

ஆகாது. ஓர் அறை முழுவதும் காற்று வீச வேண்டுமானால் இறக்கைதான் சிறந்தது. பெரிய இறக்கை மெதுவாகச் சுற்றினாலே நிறையக் காற்றைத் தள்ளும்.

கரண்டுச் செலவு குறைய வேண்டுமா? அதற்கு வேறு வழி இருக்கிறது. ஒரு கணக்குப் போடுவோம்.

பழைய வகை மின்விசிறி சுமார் 75 வாட் எடுக்கும். ஒரு நாளில் 10 மணி நேரம் ஓடினால் முக்கால் யூனிட். 30 நாளைக்கு 22.5 யூனிட்.

இப்போது பி.எல்.டி.சி. என்ற வகை விசிறி கடைகளில் கிடைக்கிறது. அது சுமார் 30 வாட் எடுக்கும். அதே 10 மணி நேரத்துக்கு 0.3 யூனிட். 30 நாளைக்கு 9 யூனிட்.

ஒரு மாதத்தில் 13.5 யூனிட் மிச்சம். விசிறி வாங்கும்போது நட்சத்திரக் குறியைப் பாருங்கள். 2023 ஜனவரி முதல் சீலிங் ஃபேனுக்கு அந்தக் குறி கட்டாயம். நட்சத்திரம் கூடினால் கரண்டுச் செலவு குறையும்.

இன்னொரு முக்கியமான விஷயம்: ஓசோன்

பழைய போட்டோஸ்டாட் இயந்திரம் ஓடும் கடையில் ஒரு காட்டமான வாசனை வரும். கவனித்திருக்கிறீர்களா? அது ஓசோன் வாயுவின் வாசனை. அந்த இயந்திரத்துக்குள்ளும் உயர் மின்னழுத்தக் கம்பி இருக்கிறது.

ஆக்சிஜன் மூலக்கூறில் இரண்டு அணுக்கள் இருக்கும். ஓசோனில் மூன்று இருக்கும். கூர்முனையில் அயனி உண்டாகும்போது கொஞ்சம் ஓசோனும் உண்டாகும். வானத்தில் மிக உயரத்தில் ஓசோன் நமக்கு நன்மை செய்கிறது. வெயிலில் உள்ள கெட்ட கதிர்களைத் தடுக்கிறது. ஆனால் மூச்சில் போனால் கெடுதல். தொண்டை எரியும். இருமல் வரும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இளைப்பு அதிகமாகும்.

எல்லா அயனிக் கருவியும் ஒரே அளவு ஓசோன் விடாது. சில மிகக் குறைவாக விடும். சில அதிகமாக விடும். இதனால் அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் 2010 முதல் ஒரு விதி இருக்கிறது. வீட்டுக்குள் வைக்கும் காற்றுச் சுத்திகரிப்புக் கருவியில் ஓசோன் ஒரு வரம்பைத் தாண்டக் கூடாது. 10 கோடிப் பங்கு காற்றில் 5 பங்கு. அதுதான் வரம்பு.

இளைப்புக்கு மருந்து என்று வாங்கி வைத்த கருவியே இளைப்பைக் கூட்டினால் எப்படி இருக்கும்?

அக்கா என்ன செய்தார்?

அந்தத் துண்டுக் காகிதத்தை வகுப்பில் எல்லோரும் சேர்ந்து படித்தோம். முன்பக்கத்தில் பெரிய எழுத்து. "சுத்தமான காற்று. நிம்மதியான தூக்கம்." பின்பக்கத்தில் ஓரத்தில் மிகச் சிறிய எழுத்து. அக்கா கண்ணுக்கு அருகில் பிடித்து, எழுத்துக் கூட்டிப் படித்தார்:

"மூடிய அறையில் நீண்ட நேரம் பயன்படுத்த வேண்டாம்."

அக்காவின் வீட்டில் ஒரே அறை. கொசுவுக்குப் பயந்து இரவில் சன்னலைச் சாத்திவிடுவார்கள்.

அவர் சீட்டுப் பணத்தை எடுக்கவில்லை. அரசு மருத்துவமனைக்குப் போனார். மருத்துவர் மூச்சில் இழுக்கும் மருந்து கொடுத்தார். வேலை செய்யும்போது முகமூடி போடச் சொன்னார். தூசு உண்டாகும் இடத்திலேயே அதைக் குறைக்க வேண்டும் என்றார்.

கிட்டங்கியில் காம்பு கிள்ளும் நான்கு பெண்கள் சேர்ந்து முதலாளியிடம் போனார்கள். சுவரில் எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்துத் தாருங்கள் என்று கேட்டார்கள். உடனே நடக்கவில்லை. இரண்டு மாதம் கழித்துத்தான் வைத்தார். அக்காவுக்கு இளைப்பு முழுவதும் போய்விடவில்லை. குறைந்திருக்கிறது.

அண்ணாச்சி இப்போது இப்படிச் சொல்கிறார்: "இறக்கை இல்லாமலும் காத்து வரும். ஆனா கிட்டங்கிக்கு இறக்கைதான் வேணும்."

வாங்கும் முன் கேட்போம்

இப்படிப்பட்ட கருவியை விற்க யாராவது வந்தால் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்.

1. இது தூசைப் பிடிப்பது எப்படி? வடிகட்டியாலா, அயனியாலா? விசிறியும் நல்ல வடிகட்டியும் மட்டும் உள்ள கருவி ஓசோனை உண்டாக்காது.

2. ஓசோன் எவ்வளவு வரும்? எழுத்தில் தருவீர்களா?

3. என் அறையின் அளவுக்கு இது போதுமா?

4. தகட்டை யார் சுத்தம் செய்வது? எத்தனை நாளைக்கு ஒருமுறை?

5. நோயைத் தீர்க்கும் என்று எந்த மருத்துவர் சொன்னார்?

பதில் சொல்லாமல் மழுப்பினால் பணம் கொடுக்காதீர்கள்.

எச்சரிக்கை

அயனிக் காற்றை நீங்களே வீட்டில் உண்டாக்கிப் பார்க்க வேண்டாம். பழைய தொலைக்காட்சிப் பெட்டியையோ கொசு அடிக்கும் மட்டையையோ பிரித்துக் கம்பி இழுக்க வேண்டாம். அவற்றில் உயர் மின்னழுத்தம் இருக்கும். நிறுத்திய பிறகும் சிறிது நேரம் மின்சாரம் தங்கியிருக்கும். பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள். சீப்பும் காகிதமும் போதும்.

பயிற்சி

1. அயனி என்றால் என்ன?

2. அனல் மின் நிலையத்தில் மின்புலம் செய்யும் வேலை எது? விசிறி செய்யும் வேலை எது?

3. உங்கள் வீட்டு விசிறி ஒரு நாளில் எத்தனை மணி நேரம் ஓடுகிறது? மாதத்துக்கு எத்தனை யூனிட் ஆகும்? கணக்குப் போடுங்கள்.

4. உங்கள் வீட்டில் உள்ள ஏதாவது ஒரு மின் கருவியின் பெட்டியை எடுங்கள். அதில் மிகச் சிறிய எழுத்தில் என்ன எழுதியிருக்கிறது? படித்துப் பாருங்கள். உங்களுக்குத் தெரியாத மொழியில் இருந்தால் தெரிந்தவரைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். வகுப்பில் வந்து சொல்லுங்கள்.